லிங்க் போடாத குடும்பம்

ஒரு கட்டுரையை எத்தனை பேர் படித்தார்கள் என்று எண்ணுவது என் வேலை. கட்டுரையைப் படிப்பது என் வேலை இல்லை. அதற்கு நேரமும் ஒதுக்கப்படவில்லை.

விசிட்டிங் கார்டில் ‘கன்டென்ட் அனலிஸ்ட்’ என்று போட்டிருக்கிறது. தெம்பனிஸில் இருக்கும் ரத்தினம்மா பெரியம்மா அதை ஏதோ ரத்தப் பரிசோதனை சம்பந்தப்பட்டது என்று நினைத்துக்கொண்டு, கல்யாண வீடுகளில் “நம்ம வருண் லேப்ல இருக்கான்” என்று அறிமுகப்படுத்துகிறார். நான் திருத்தியதில்லை. உண்மையைச் சொன்னால் மரியாதை இன்னும் குறையும்.

டன்லப் ஸ்திரீட்டில் கீழே மளிகைக்கடை, மேலே நாங்கள். மக்கள் தொடர்பு நிறுவனம். வாடிக்கையாளர்களைப் பற்றி நல்லதை நாங்களே எழுதுவோம். கெட்டதைப் பொதுமக்கள் இலவசமாக எழுதிக் கொடுப்பார்கள். இரண்டையும் எண்ணி, பச்சையிலும் சிவப்பிலும் வட்டம் போட்டு அனுப்பினால் மாதம் முடிந்தது.

இந்த நிறுவனத்தில் விளம்பரமாக இல்லாத ஒரே பொருள் ‘நம்ம புளோக்’ என்ற தமிழ் இணையப் பக்கம். பதினொரு வருடங்களுக்கு முன் எங்கள் பாஸ் சுந்தரேசன் அதை ஆரம்பித்தார். “இந்தியன் கம்யூனிட்டியில் உங்களுக்கு என்ன செல்வாக்கு?” என்று ஒரு வாடிக்கையாளர் கேட்டபோது காட்டுவதற்கு எதுவும் இல்லாமல் போனதுதான் காரணம். ஒரு அரிசிக் கம்பெனி செலவை ஏற்றுக்கொண்டது. ஆசிரியர், நிருபர், புகைப்படக்காரர், பிழை திருத்துபவர் என்று மொத்தம் நான்கு பேர் அதில் வேலை பார்த்தார்கள். நான்கு பேரும் தாரகா அக்காதான்.

தாரகா அக்காவின் தாத்தா யாழ்ப்பாணத்திலிருந்து ரயில்வே குமாஸ்தாவாக வந்தவர். அக்காவுக்கு நாற்பத்தாறு வயது. மூன்று வரிக்கு மேல் எழுதினால் யாரும் படிக்க மாட்டார்கள் என்று பயிற்சி வகுப்பில் சொன்னபோது, “ஓம், சரி” என்று கேட்டுக்கொண்டு வந்து முந்நூறு வரி எழுதியவர்.

மார்ச் மாதத்தில் அரிசிக் கம்பெனிக்குப் புதிய மார்க்கெட்டிங் மேனேஜர் வந்தார். நல்ல மனிதர். கேக் வாங்கிக்கொண்டு வந்தார். ஜூன் கடைசிக்குள் மாதத்துக்கு ஐயாயிரம் வாசகர்கள் வரவில்லை என்றால் ‘நம்ம புளோக்’கை மூடிவிடலாம் என்று கேக்கை வெட்டிக்கொண்டே சொன்னார்.

“அக்காவுக்கு வேலை போகுமா பாஸ்?” என்று தனியாகக் கேட்டேன்.

“சேச்சே. டிரான்ஸ்லேஷன் ரிவியூவர் ஆக்கிடுவோம் லா. இங்கிலிஷ்ல எழுதுறதை மெஷின் தமிழாக்கிடும். இவங்க பாத்து ‘சரி’ன்னு ஒரு பட்டனை அழுத்தணும். ஈசி ஜாப்.”

“சரியா இல்லைன்னா?”

“அதுக்கும் அதே பட்டன்தான். ஒரு பட்டனுக்குத்தான் காசு கட்டியிருக்கோம்.”

அக்காவுக்கு இதை நான் சொல்லவில்லை. அவரே சொன்னார். “வருண், எனக்கு வேற எங்கயும் எழுத இடம் இல்ல. இதை மூடினா நான் எழுதுறதையே மூடின மாதிரி. ஐயாயிரம் பேரை எப்படிப் பிடிக்கிறதுன்னு நீதான் சொல்லணும். நீதானே எண்ணுற.”

நான் தலைப்பைச் சுருக்கச் சொன்னேன். படத்தில் பூனை போடச் சொன்னேன். அவர் இரண்டையும் செய்யாமல் மே கடைசியில் ஒரு கட்டுரை எழுதினார்.

அது ஒரு வெளிநாட்டு ஊழியரைப் பற்றியது. பெயர் கதிரேசன். கிராஞ்சியில் ஊழியர் விடுதியில் தங்கி, லாரியில் வேலைக்குப் போகிறவர். ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஆபிஸ் பக்கம், தேக்கா கடைவீதிக்கு வருவார். ரேஸ் கோர்ஸ் ரோட்டில் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடையின் கண்ணாடிக்கு வெளியே நின்றுகொண்டு ஊருக்குப் போன் போடுவார். அம்மா முதலில் கேட்பது, “என்னடா சாப்பிட்ட?” உள்ளே யாருடைய இலையிலாவது என்ன இருக்கிறதோ அதை அப்படியே சொல்வார். கோழி வறுவல், முட்டைக்கோஸ், அப்பளம் ரெண்டு. போனை வைத்துவிட்டுப் பையில் இருக்கும் விடுதிச் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரிப்பார். 

“சும்மா வாய்க்கு வந்ததைச் சொல்லிடலாமே தம்பி?” என்று அக்கா கேட்டிருக்கிறார்.

“அம்மா குறுக்கால கேள்வி கேப்பாங்கக்கா. குழம்பு கெட்டியா தண்ணியான்னு. பாத்துச் சொன்னாத்தான் நிக்கும்.”

உண்மை தெரிந்தால் அம்மா சாப்பிடாமல் கிடப்பார், அதனால் தன் பெயரைப் போடக்கூடாது என்று கதிரேசன் கேட்டுக்கொண்டார். அக்காவும் அவர் பெயரைப் போடவில்லை, ஊரைப் போடவில்லை, முகம் தெரியும் படமும் போடவில்லை. கட்டுரை இப்படி முடிந்தது: அன்று உள்ளே பரிமாறுகிறவர் ஒரு மேசையில் நண்டு தீர்ந்துவிட்டது என்றார். வெளியே அவரும் அம்மாவிடம் நண்டு தீர்ந்துபோச்சு என்றார்.

விதிக்கு மாறாக அதை நான் முழுதாகப் படித்தேன். பிறகு எண்ணினேன். இருநூற்றுப் பதினான்கு பேர்.

ஒரு வாரம் கழித்தும் இருநூற்றுப் பதினான்குதான். அக்கா தினமும் என் மேசைக்கு வந்து திரையைப் பார்த்துவிட்டு, கோப்பி வாங்கப் போவார்.

அந்தச் சனிக்கிழமை பெரியம்மா வீட்டில் மதியச் சாப்பாடு. பெரியம்மா அடுப்பை அணைத்துவிட்டுப் போனைப் பார்த்து அழுதுகொண்டிருந்தார்.

“என்ன பெரிம்மா, யாருக்கு என்ன?”

“பேசாம கேளுடா.” மூக்கை உறிஞ்சிக்கொண்டு படித்தார். துபாயில் ரமேஷ் என்று ஒரு பையன். ஓட்டல் கண்ணாடிக்கு வெளியே நின்று அம்மாவிடம் பேசுகிறான். கோழி வறுவல், முட்டைக்கோஸ், அப்பளம் ரெண்டு. நண்டு தீர்ந்துபோச்சு. அதோடு நிற்கவில்லை. மறுநாள் அம்மா இறந்துவிடுகிறார். ஓட்டல் முதலாளி விஷயம் தெரிந்து ரமேஷைத் தத்து எடுத்துக்கொள்கிறார். ரமேஷ் இப்போது மாவட்ட ஆட்சியர். கடைசியில் கும்பிடும் கை எட்டு, பெற்றோரை மதிப்போம், பிடித்திருந்தால் பகிரவும்.

“பெரிம்மா, இது எங்க ஆபிஸ்ல தாரகா அக்கா எழுதினது.”

“சும்மா அளக்காத. கீழ போட்டிருக்கு பாரு, உண்மைச் சம்பவம்னு.”

“சத்தியமா. முதல் பாதி அவங்களோடது. யார் அனுப்பினா?”

“குணமணி டீச்சர். அவங்களுக்கு அவங்க தங்கச்சி. பூன் லே ஏரியாவுல கோயில் குரூப்புல போட்டு, அங்கேர்ந்து மலேசியாவுக்கெல்லாம் போயிருக்கு. நானே ஒம்பது குரூப்புல போட்டேன்.”

“லிங்க் எங்க?”

பெரியம்மா அழுகையை நிறுத்தினார். நான் ஏதோ அசிங்கமான வார்த்தை பேசிவிட்டதைப் போலப் பார்த்தார். 

“நம்ம குடும்பத்துல யாரும் லிங்க் போட மாட்டோம்.”

விளக்கினார். சமூக மன்றத்தில் இணைய மோசடி பற்றிய பேச்சுக்குப் போய், இலவசமாக மடக்குக் குடை ஒன்றும் வாங்கி வந்ததிலிருந்து, குடும்பக் குரூப்பில் லிங்க்குக்குத் தடை. பெரியம்மாதான் அட்மின். நல்ல விஷயம் ஏதாவது லிங்க்கோடு வந்தால் யாரும் தொடக் கூடாது. சின்னத்தம்பி மாமா மட்டும் திறப்பார். எழுத்தை மட்டும் எடுத்துக்கொண்டு லிங்க்கை வெட்டி எறிந்துவிட்டுக் குரூப்பில் போடுவார்.

“ஏன் அவரு மட்டும்?”

“அவரு போன்ல பேங்க் ஆப் இல்லைல. திருடன் வந்தாலும் என்னத்த எடுப்பான்?”

“மத்த குரூப்புலயும் இப்படித்தானா?”

“எல்லா இடத்துலயும் ஒரு ஆள் இருப்பாங்க லா. குணமணி டீச்சர் வீட்டுல அவங்க மாமனாரு.”

சோற்றைப் பிசைந்தபடி உட்கார்ந்திருந்தேன். எங்களுடைய இருநூற்றுப் பதினான்கு வாசகர்களும் யார் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. இருநூற்றுப் பதினான்கு சின்னத்தம்பி மாமாக்கள். தீவு முழுவதும், பாலத்தைத் தாண்டி மலேசியாவிலும், எல்லோரும் படித்துவிட்டார்கள். மாமாக்கள் மட்டும் எண்ணிக்கையில் வந்திருக்கிறார்கள்.

திங்கட்கிழமை இதைச் சொல்வதற்காகச் சீக்கிரமாகவே ஆபிஸுக்குப் போனேன். எனக்கு முன்னால் பாஸ் வந்து, எல்லோரையும் நிற்க வைத்து, போனிலிருந்து உரக்கப் படித்துக்கொண்டிருந்தார். கோழி வறுவல், முட்டைக்கோஸ், அப்பளம் ரெண்டு.

“என் மாமியார் அனுப்பினாங்க. எக்ஸ்பிரஸ்வேல ஜாம். காருக்குள்ள உக்காந்து அழுதுட்டேன் தெரியுமா? தாரகா, பாருங்க. இதுதான் எமோஷன். இந்த மாதிரி ஏன் நம்மளால எழுத முடியல?”

அக்கா அமைதியாக, “இது நான் எழுதினது, சுந்தர்” என்றார்.

பாஸ் போனைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், கதவைச் சாத்தச் சொன்னார்.

“ஃபார்வர்டுல வந்ததைத் தூக்கி நம்ம சைட்டுல போட்டுட்டீங்களா?”

“இல்ல. நம்ம சைட்டுல இருந்து அவங்க தூக்கிட்டாங்க.”

“நம்மளோடதை யாரு தூக்குவா?” பாஸ் கிண்டலாகக் கேட்கவில்லை. உண்மையாகவே அவருக்குச் சந்தேகம்.

எங்கள் பக்கத்தில் கட்டுரை வெளியான தேதியைக் காட்டினேன். சின்னத்தம்பி மாமாக்களைப் பற்றிச் சொன்னேன். பாஸ் கண்ணை மூடிக் கேட்டார். நடுவில் ஒருமுறை “வாவ்” என்றார். கடைசியில், “ஒரு மாமாவுக்கு எத்தனை பேர்?” என்றார்.

“தெரியாது பாஸ். வாட்ஸ்அப்புக்குள்ள நம்மளால எட்டிப் பாக்க முடியாது. ஆயிரக்கணக்குல இருக்கும்.”

“ஆயிரக்கணக்குன்னா எத்தனை?”

“தெரியாது.”

“தெரியாததை ரிப்போர்ட்ல எப்படிப் போடுவ? பச்சையிலயா, சிவப்புலயா?” பிறகு கொஞ்சம் இரக்கத்தோடு சொன்னார். “அவங்களை லிங்க்கை அழுத்த வை. அழுத்தினா எண்ணலாம். எண்ணினா காப்பாத்தலாம்.”

அக்கா என்னைப் பார்த்தார். பதினொரு வருடத்தில் முதல்தடவையாக அந்தப் பக்கத்துக்கு ஒரு வழி தெரிந்திருக்கிறது என்று இரண்டு பேருமே நினைத்தோம். ஜூன் பாதிகூட ஆகவில்லை.

அன்று சாயந்திரமே தெம்பனிஸுக்குப் போனேன். பெரியம்மா முடியாது என்றார். நான் கெஞ்சினேன். தாரகா அக்காவின் நிலைமையைச் சொன்னேன். முக்கியமாக, ரமேஷ் கலெக்டர் ஆகவில்லை, அந்த அம்மா உயிரோடுதான் இருக்கிறார் என்பதைச் சொன்னேன். அந்த அம்மா உயிரோடு இருப்பதில் பெரியம்மாவுக்குச் சந்தோஷம். கலெக்டர் விஷயத்தில் கொஞ்சம் ஏமாற்றம்.

“உனக்காக ஒரே ஒரு தடவைடா” என்று சொல்லிவிட்டுக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஒன்பது குரூப்பிலும் லிங்க்கைப் போட்டார். மேலே தானாகவே ஒரு வரி சேர்த்தார்: ‘பயப்பட வேண்டாம். நம்பிக்கையான லிங்க். உடனே தொடவும். இரண்டு வாரம்தான் இருக்கிறது.’

சமூக மன்றத்தில் மோசடிக்கு உதாரணமாகத் திரையில் காட்டிய செய்தியில்கூட இவ்வளவு நேர்த்தி இருந்திருக்காது.

சாதம் வடிப்பதற்குள் முதல் போன் வந்தது. குணமணி டீச்சர். “அக்கா, நீங்கதானே பேசுறீங்க? உங்க குரல்தானே? உங்க மூத்த நாத்தனார் பேரைச் சொல்லுங்க பாப்போம்.” பெரியம்மா சொன்னார். அப்போதும் டீச்சர் நம்பவில்லை. “இப்பல்லாம் குரலையும் செஞ்சிடுறாங்களாம்” என்று வைத்துவிட்டார்.

ரத்தினம்மாவின் போனை யாரோ பிடித்துவிட்டார்கள் என்று எல்லா குரூப்பும் பற்றிக்கொண்டது. பெரியம்மா அட்மினாக இருந்த குரூப்பிலிருந்தே அவரை நீக்கினார்கள். நீக்கியது சின்னத்தம்பி மாமா. அவர் இன்னொரு அட்மின் என்பது பெரியம்மாவுக்கே அன்றுதான் தெரியும். லிங்க்கைத் தொட்ட ஓரிருவர் பயந்துபோய்ப் போனை அணைத்து அரிசிக்குள் புதைத்திருந்தார்கள். தண்ணீரில் விழுந்தால்தானே அரிசி என்று நான் கேட்கவில்லை. அது எங்கள் விளம்பரதாரரின் அரிசியாக இருந்திருக்கலாம் என்பதை மட்டும் மனதில் குறித்துக்கொண்டேன்.

விடிவதற்குள் எச்சரிக்கை ஒன்று தயாராகிவிட்டது. ‘அவசரம்! நம்ம புளோக் என்ற பெயரில் மோசடிக் கும்பல். தமிழர்களே உஷார்!’ எங்கள் சின்னத்தைப் படமாகவும் போட்டிருந்தார்கள். கும்பிடும் கை கிடையாது, சிவப்பு விளக்கு நான்கு. பூன் லேயிலிருந்து மலேசியாவுக்குப் போய்த் திரும்பி வந்து, பாஸின் மாமியார் வழியாகப் பாஸுக்கே வந்து சேர்ந்தது. அதைப் பார்த்தாவது யாராவது லிங்க்கை அழுத்துவார்கள் என்று நினைத்தேன். எச்சரிக்கையிலும் லிங்க்கை ஜாக்கிரதையாக வெட்டியிருந்தார்கள்.

நிறைய பேர் சேர்ந்து புகார் கொடுத்திருக்க வேண்டும். வியாழக்கிழமை அக்கா ‘நம்ம புளோக்’கைத் திறந்தபோது திரை முழுக்கச் சிவப்பாக ஒரு பக்கம் வந்தது. இது ஏமாற்றுத் தளமாக இருக்கலாம், பாதுகாப்பான இடத்துக்குத் திரும்பவும் என்றது. அக்கா நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளி உட்கார்ந்தார்.

“பதினொரு வருஷம் வருண்” என்றார்.

சிவப்பை நீக்க விண்ணப்பித்தோம். பரிசீலனைக்கு ஆறு வாரம் ஆகலாம் என்று பதில் வந்தது, மெஷின் தமிழில்.

மாதக் கடைசியில் ரிப்போர்ட் எழுதினேன். வாசகர்கள், சிவப்புப் பக்கம் வந்த நாளிலிருந்து: பூஜ்யம். சின்னத்தம்பி மாமாக்கள்கூட வரவில்லை. சிவப்பு வட்டம் பக்கத்தை மீறிப் போனது. வரலாற்றிலேயே ‘நம்ம புளோக்’ என்ற பெயர் அதிகம் பேரைச் சென்றடைந்த மாதம் அதுதான் என்று ஒரு வரி சேர்த்தேன். பாஸ் அந்த வரியை மட்டும் எடுத்துவிட்டார். அரிசிக் கம்பெனி மேனேஜர் இந்தமுறையும் கேக் வாங்கி வந்தார்.

பக்கத்தை மூடும் அறிவிப்பைப் பாஸ் ஆங்கிலத்தில் எழுதினார். மெஷின் தமிழாக்கியது. டிரான்ஸ்லேஷன் ரிவியூவராகத் தாரகா அக்காவுக்கு வந்த முதல் வேலை அது. ‘எங்கள் மதிப்புமிக்க வாசகர்களின் பயணத்திற்கு நன்றிகளை நாங்கள் விரும்புகிறோம்’ என்றிருந்தது. அக்கா இரண்டுமுறை படித்தார். திருத்துவதற்கு இடம் இருக்கிறதா என்று திரையின் ஓரங்களில் தேடினார். இல்லை. ‘சரி’யை அழுத்தினார்.

அறிவிப்பு அந்தச் சிவப்புப் பக்கத்துக்குப் பின்னால்தான் வெளியானது. யாரும் பார்த்திருக்க முடியாது.

ஜூலையின் முதல் ஞாயிற்றுக்கிழமை, கதிரேசனிடம் நேரில் சொல்லிவிட்டு வரலாம் என்று அக்கா கூப்பிட்டார். கட்டுரை வந்ததும் லிங்க் அனுப்பியிருந்தாராம். அவர் திறக்கவில்லையாம், விடுதியிலும் லிங்க்கைத் தொடாதே என்று ஒட்டியிருக்கிறார்களாம். 

ரேஸ் கோர்ஸ் ரோட்டில் நடக்க இடமில்லை. கதிரேசன் அதே கண்ணாடி ஓரமாக நின்றுகொண்டிருந்தார். துவைத்த சட்டை, கையில் மஞ்சள் பை. ‘நம்ம புளோக்’கை மூடிவிட்டதை அக்கா சொன்னார். கதிரேசன் துக்க வீட்டில் தலையாட்டுவதைப் போல ஆட்டினார்.

“நான் பேசுனதாலயாக்கா?”

“இல்ல தம்பி. நீங்க பேசுனதைத்தான் எல்லாரும் படிச்சாங்க.”

“அப்புறம் ஏன்க்கா மூடுனாங்க?”

அக்கா என்னைப் பார்த்தார். எண்ணுகிறவன் நான்தானே. நான் எதிர்ச்சாரியில் போன பஸ்ஸைப் பார்த்தேன்.

“அக்கா, உங்ககிட்ட ஒண்ணு காட்டணும்” என்று கதிரேசன் போனை எடுத்தார். “நேத்து அம்மா அனுப்பிச்சாங்க.”

துபாய், ரமேஷ், கோழி வறுவல், முட்டைக்கோஸ், அப்பளம் ரெண்டு. அதற்குக் கீழே ஒரு குரல் பதிவு. தெருச் சத்தத்தில் கேட்பதற்காக மூன்று பேரும் தலையை ஒட்டிக்கொண்டோம்.

“டேய் தம்பி, இதப் படிச்சியா? மேலத்தெரு டீச்சரு அனுப்புச்சு. பாவம்டா, அந்தப் புள்ள பசியோட நின்னுக்கிட்டு அவங்கம்மாகிட்ட தின்னேன் தின்னேன்னு சொல்லியிருக்கு. அந்தப் பொம்பளையும் நம்பிருக்கா பாரு, வெவரம் கெட்டவ. பெத்தவளுக்குக் குரல்ல தெரியாதா? ராத்திரி எனக்குச் சோறே எறங்கல. நல்லவேள, நீ வாராவாரம் நல்லா சாப்புடுற. நாளைக்குப் போன் போடு, என்ன?”

அக்கா போனைக் கதிரேசனிடம் திருப்பிக் கொடுத்தார். பிறகு, “உள்ள வாங்க தம்பி, இன்னைக்கு நான் வாங்கித் தர்றேன். உக்காந்து சாப்பிட்டுட்டே அம்மாகிட்ட பேசுங்க” என்றார்.

“வேணாங்கக்கா.”

“வெக்கப்படாதீங்க. இவனும் வர்றான்.”

“வெக்கம் இல்லக்கா. ருசி தெரிஞ்சுபோச்சுன்னா அடுத்த வாரம் வெளியில நின்னு சொல்றது கஷ்டமாப் போயிரும்.”

அக்காவின் கை தானாகக் கைப்பைக்குள் போய்ப் பேனாவைத் தொட்டது. தொட்டுவிட்டு வெறுமனே வெளியே வந்தது.

கதிரேசன் இரண்டு அடி தள்ளிப் போய், உள்ளே நன்றாகத் தெரியும் இடமாகப் பார்த்து நின்றுகொண்டு, நம்பரை அழுத்தினார்.

“ஆமாம்மா, படிச்சேன். பாவம் அந்தப் பையன்.”

கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் பேசுவதைக் கேட்டார். பிறகு நெற்றியைக் கண்ணாடியில் வைத்து, கையால் வெயிலை மறைத்துக்கொண்டு உள்ளே பார்த்தார்.

“இன்னிக்கு நண்டு இருக்கும்மா” என்றார். “கெட்டியாத்தான் வச்சிருக்காங்க.”